மூளையில் ஒரு பங்கு

ஜனவரி 12

அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. அன்றைய கூட்டத்தில் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தேனே, நலத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

தொலைபேசியில் பேசினால் கத்துவோம், பாதியில் யாராவது ஒருத்தர் வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் உங்களுக்குப் பயந்து நடுவில் நிற்காது.

ஆய்வு நிலையத்துக்கு என்னை இயக்குநராக்கியதற்கு நடந்த பாராட்டுக் கூட்டம் அது. முப்பது வருஷம் குரங்குகளோடும் செத்த குரங்குகளின் மூளைகளோடும் மல்லுக்கட்டியதற்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு சாயங்காலம். அதில் அண்ணன் என்ன செய்தார்? அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது மேடையிலேயே அழுதேன், அவர் சிரித்தார். தேநீர் வேளையில் தலைமை விருந்தினர் தட்டிலிருந்து கேக்கை எடுத்துத் தின்றார். அந்த மனிதரின் மனைவியைப் பார்த்து, "இந்த நாற்காலி உங்களத் தாங்குமா?" என்று கேட்டார். "உங்க அண்ணன் குடிப்பாரா?" என்று என் கீழே வேலை பார்ப்பவர் என் காதில் கேட்கிறார்.

எங்கள் அண்ணன் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவரது மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வருகிற கிழவிகள் கண்ணாடி வாங்காவிட்டாலும் அவரோடு பேசிவிட்டுப் போகத்தான் வருவார்கள். அந்த வாயில் இந்தப் பேச்சு தானாக வராது. ஏற்றிக்கொடுத்த வாய் எது என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் படிப்பு உங்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி.

என் அண்ணனை என்ன செய்தீர்கள்? அவரைப் பழையபடி எனக்குத் திருப்பிக் கொடுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவர் உடம்பைச் சொன்னேன்.

நாத்தனார்


ஜனவரி 25

குரங்கு டாக்டர் அம்மாவுக்கு,

சாமி புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் உன் குரங்குகளும் சௌக்கியமா? உனக்கு இந்தப் பேரை வைத்தது நான் இல்லை, உன் அண்ணன். அதையும் என் தலையில் கட்டிவிடாதே.

ஏற்றிக்கொடுக்கிறேனாம். ஏற்றிக்கொடுத்து நடக்கிற ஆளாக இருந்தால் நான் எவ்வளவோ நல்ல விஷயம் ஏற்றிக்கொடுத்திருப்பேன்.

நான் சொல்கிறேன் கேள். போன வருஷம் உன் புத்தகம் இந்த வீட்டுக்கு வந்தது. நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவள். ஆனாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். ஒரு பக்கம் விடாமல் படித்தேன். பெரிய கூட்டத்தில் வாழப்போய்த்தான் மனுஷனுக்கு மூளை பெருத்ததாம். அடுத்தவன் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊகித்து ஊகித்துப் பழகின மூளை, கடைசியில் ஆகாயத்திலும் ஒருத்தர் இருந்து நம்மைப் பார்க்கிறார் என்று ஊகித்துக்கொண்டதாம். எழுதின கைக்குக் கூசவில்லை.

அந்தப் புத்தகம் வந்த பிறகுதான் அவர் என்னோடு பிரார்த்தனைக்கு உட்காருவது நின்றது. கூப்பிட்டால் "பசிக்குது" என்கிறார். நான் கண்ணை மூடியிருக்கும்போது தொலைக்காட்சியை அலறவிடுகிறார். கல்யாணமானதிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து விளக்கேற்றி வைத்த மனுஷன். அவரைக் கெடுத்தது என் வாயா, உன் பேனாவா?

என் புருஷனை முதலில் நீ எனக்குத் திருப்பிக் கொடு. அப்புறம் உன் அண்ணனைப் பற்றிப் பேசலாம்.

அன்றைக்கு நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது அழகுக்காக இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. நீ படுத்துவிட்டால் அந்தப் பழியும் என் மேல் வரும்.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

நலம். அங்கும் சாமி பார்த்துக்கொண்டிருப்பார் என்பதால் விசாரிக்கவில்லை.

என் புத்தகத்தைப் படித்தால் நம்பிக்கை போய்விடும் என்றால், அதை ஒரு பக்கம் விடாமல் படித்த உங்களுக்கு ஏன் போகவில்லை? யோசித்துவிட்டுத் திட்டுங்கள்.

இதை எழுதக் காரணம் வேறு. எங்கள் நிலையத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, நான் சொன்னேன் என்று அண்ணன் கடைக்குக் கண்ணாடி வாங்கப் போயிருக்கிறார். ஷட்டர் இறங்கியிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டால், "அது மூடி நாளாச்சும்மா. போற வர்றவங்ககிட்டல்லாம் வாயக் குடுத்தா எவன் வருவான்?" என்றாராம். அந்தக் கடை அண்ணனுக்கு உயிர். அதை மூடவைத்து வீட்டுக்குள் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்கிறீர்களா? என்ன நடக்கிறது அங்கே? மழுப்பாமல் எழுதுங்கள்.

அண்ணனுக்கு என் அன்பைச் சொல்லவும். சொல்வீர்களா என்பது சந்தேகம்தான்.

நாத்தனார்


பிப்ரவரி 27

நாத்தனாருக்கு,

எல்லாரும் சௌக்கியம்.

எழுத்து கோணல் மாணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. குளியலறையில் வழுக்கி வலது கையில் அடி. இடது கையால் எழுதுகிறேன். கடையில் மராமத்து வேலை நடக்கிறது. முடிந்ததும் திறப்பார். பக்கத்துக் கடைக்காரனுக்கு எங்கள் மேல் பொறாமை.

இனி ஆள் அனுப்பி வேவு பார்க்காதே. கடிதமும் போடாதே. கை வலிக்கிறது.

அண்ணி


ஜூன் 3

அண்ணிக்கு,

நலம் விசாரித்து நாலு மாசமாகிறது. எழுதாதே என்றீர்கள், எழுதவில்லை. இப்போது எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பாராட்டுக் கூட்டத்தை வீடியோ எடுத்திருந்தார்கள். போன வாரம்தான் கைக்கு வந்தது. நாங்கள் குரங்குக் கூட்டத்தைப் படம் பிடித்தால் முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்போம். சத்தம் இருந்தால் கத்துகிற குரங்கின் மேலேயே கண் போகும். யார் யாரைப் பார்க்கிறது, யார் யாருக்கு ஒதுங்குகிறது என்பதெல்லாம் தப்பிவிடும். இதையும் அப்படித்தான் போட்டேன். உங்கள் வாய் அண்ணன் காதருகே அசைகிற இடத்தைப் பிடித்து, உங்கள் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஒளிக்கவில்லை.

அசைந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கிறீர்கள். அவ்வளவுதான்.

நான் பார்த்தது வேறு. மேடையில் நான் அழுகிறேன். அரங்கத்தில் அத்தனை தலையும் என் பக்கம் திரும்புகிறது. அண்ணன் தலை மட்டும் வாசல் வழியாக வருகிற தேநீர்த் தட்டோடு போகிறது. தலைமை விருந்தினர் மனைவியின் முகம் சுருங்குகிறது, அதை அவர் பார்க்கவில்லை. அந்தச் சாயங்காலம் முழுக்க அவர் ஒரு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் கூண்டில் ஒரு குரங்கு இப்படி நடந்தால் அன்றைக்கே தனியே எடுத்துச் சோதித்திருப்பேன்.

இது கெட்ட புத்தி இல்லை, நோய் என்று நினைக்கிறேன். முகவரி தருகிறேன், நரம்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இதனால் நீங்கள் நல்லவர் என்று ஆகிவிடாது. இத்தனை நாள் வீட்டுக்குள் வைத்து மூடினவர் நீங்கள்தான். கடையில் மராமத்தும் இல்லை, நீங்கள் குளியலறையில் வழுக்கவும் இல்லை. கையில் என்ன ஆயிற்று?

நாத்தனார்


ஜூன் 20

நாத்தனாருக்கு,

சௌக்கியம் என்று எழுத இன்றைக்கு மனசு வரவில்லை.

கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பையன், படத்தை விளக்குக்கு நேரே பிடித்து, "நெத்திக்குப் பின்னாடி சுருங்கியிருக்கும்மா. ஞாபகம் இருக்கும், கணக்குப் போடுவார். மனுஷங்களோட புழங்குற பகுதிதான் போயிட்டிருக்கு. இதுக்கு மருந்து கிடையாது" என்றார். உன் அண்ணன் டாக்டர் மேசையில் இருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மனுஷங்களோடு புழங்குகிற பகுதி. அதைத்தானே அம்மா நீ முப்பது வருஷமாகப் படிக்கிறாய்? ஊர் உலகத்துக் குரங்கின் தலைக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தாய். கூடப் பிறந்தவன் முகத்தைப் பார்க்க உனக்கு வீடியோ வேண்டியிருக்கிறது. எனக்கும் தெரியவில்லைதான். நான் உன் மேல் பழி போட்டேன், நீ என் மேல் போட்டாய், நடுவில் அந்த மனுஷன் தேய்ந்துகொண்டிருந்தார்.

கை பற்றிக் கேட்டாய். மூடிக்கிடந்த கடையிலிருந்து மிச்சச் சாமானை எடுத்துவிட்டுத் திரும்பப் பூட்டினோம். நான் குனிந்து சாவியை எடுக்கிறேன், அவர் ஷட்டரை இழுத்துவிட்டார். விரல்கள் மாட்டிக்கொண்டன. கத்தினேன். அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயம். என்னைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போய் பன் வாங்கித் தின்றார். ஷட்டரைத் தூக்கியது, நீ வேவு கேட்டாயே, அந்தப் பக்கத்துக் கடைக்காரர்தான்.

புருஷனால் கை நசுங்கியது என்று உன்னிடம் எப்படி எழுதுவேன்? எழுதினாலும், 'நீங்கள் என்ன செய்தீர்கள்' என்றுதானே கேட்டிருப்பாய்? இன்னொன்றும் இருக்கிறது. அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தை. அதை எழுத மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இது இரத்தத்தில் வருகிறதாம், சில குடும்பங்களில். உன்னையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

அண்ணி


ஜூலை 8

அண்ணிக்கு,

நான் நலம். என்னைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னதற்கு நன்றி. விரல் எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நெற்றிக்குப் பின்னால், ஆழத்தில், ஒருவகை நரம்பணுக்கள் உண்டு. மற்றவை மரம்போலக் கிளைவிட்டிருக்கும். இவை நெட்டையாக, ஒல்லியாக, நூல் கண்டுபோல நடுவில் மட்டும் தடித்து இருக்கும். மனிதருக்கு உண்டு, வாலில்லாப் பெரிய குரங்குகளுக்கு உண்டு. யானைக்கும் திமிங்கிலத்துக்கும் பார்த்திருக்கிறோம். பெரிய மூளை, கூடிவாழ்கிற பழக்கம், இரண்டும் உள்ள பிராணிகள். இவை எதற்கென்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயம் ஏற்றி, இவற்றை எண்ணுவதுதான் என் வேலை. அண்ணனுக்கு வந்திருக்கிற நோய் முதலில் தின்பது இந்த அணுக்களைத்தான்.

அவர் காலத்துக்குப் பிறகு அவர் மூளையை என் நிலையத்துக்குத் தர வேண்டும். மனைவி சம்மதித்தால்தான் முடியும். இப்போதே கேட்பது கொடுமை என்று தெரியும். ஆனால் உயிர் போன சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அப்போது கேட்டால் நீங்கள் சரியென்று சொல்ல மாட்டீர்கள்.

அண்ணனுக்கு என் அன்பு.

நாத்தனார்


ஜூலை 11

அம்மா தாயே,

நலமும் இல்லை, விசாரிப்பும் இல்லை.

சொத்தில் பங்கு கேட்ட நாத்தனார்களைப் பார்த்திருக்கிறேன். நகையில் பங்கு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மூளையில் பங்கு கேட்டவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்.

அவர் அடுத்த அறையில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறார். மூச்சு இருக்கிறது. நீ அதற்குள் அறுவாளோடு வாசலில் வந்து நிற்கிறாய். சாமி முழுசாகக் கொடுத்த உடம்பு. முழுசாகத்தான் சாமியிடம் ஒப்படைப்பேன். பாதியில் மண்டையைத் திறந்து, 'இந்தாருங்கள், உள்ளே இருந்ததை இவர் தங்கை கொண்டுபோய்விட்டாள்' என்றா நான் அங்கே போய்ச் சொல்வேன்?

உனக்கு அவர் வேண்டுமென்றால் இப்போது வா. விரல் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, உடைத்துச் சேர்க்க வேண்டுமாம். செப்டம்பரில் என் அக்கா வீட்டில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளப்போகிறேன். அதுவரை இயக்குநர் அம்மா நாற்காலியை விட்டு இறங்கி வந்து அவரைப் பார்த்துக்கொள்ளட்டும். உயிரோடிருக்கிற அண்ணனை வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்குச் செத்த அண்ணன் எதற்கு?

வருகிறாயா, இல்லையா, அதை மட்டும் எழுது.

அண்ணி


செப்டம்பர் 19

அண்ணிக்கு,

அறுவை நல்லபடியாக முடிந்ததாக உங்கள் அக்கா சொன்னார்கள். கையை உயர்த்தியே வைத்திருங்கள், தொங்கவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். இப்படியும் ஒரு சமையலறை உண்டா? ஒரு டப்பாவிலும் பேர் இல்லை. முதல் நாள் சர்க்கரை என்று உப்பைக் காபியில் போட்டேன். அண்ணன் மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்றார். குளிர்பெட்டிக்கு நீங்கள் போட்டிருக்கிற பூட்டைப் பார்த்து முதலில் உங்களைத் திட்டினேன். ஒரு ராத்திரி திறந்து வைத்தேன். பிறகு நானே பூட்டினேன்.

என்னை அவருக்குத் தெரிகிறது. பேர் தெரிகிறது, நான் எந்த வருஷம் எந்தப் பரிசு வாங்கினேன் என்பதுகூடத் தெரிகிறது. ஆனால் நான் இருப்பதும் நாற்காலி இருப்பதும் அவருக்கு ஒன்றுதான். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தேன். "சாப்பாடு யார் போடுவா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

நேற்று என் கண்ணாடிக் கால் வளைந்துவிட்டது. அவர் பிடுங்கி, வெந்நீரில் காட்டி, நிமிர்த்தி, என் காதில் மாட்டிவிட்டார். அவர் விரல்கள் எதையும் மறக்கவில்லை. மாட்டிக்கொண்டே, ஏதோ வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னார்: "உங்க அண்ணிய எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. அம்மா சொன்னாங்கன்னு கட்டிக்கிட்டேன்."

நீங்கள் எழுத மாட்டேன் என்ற வார்த்தை இதுதான் என்று நினைக்கிறேன். இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். அது நோய் பேசியதா, அவர் பேசியதா என்று ஒருநாள் என்னிடம் கேட்கத்தான் போகிறீர்கள். பொய் சொல்ல எனக்கு வராது. பிரேக் அறுந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியும். வண்டிக்குள் என்ன இருந்தது என்று பிரேக் சொல்லாது. என் முப்பது வருஷப் படிப்பும் சொல்லாது. ஆனால் ஒன்று. நோய் வருவதற்கு முன் அவர் எனக்குப் போட்ட கடிதங்களில் உங்களைப் பற்றி இப்படி ஒரு வரி நான் படித்ததில்லை. நான் உங்களைக் குறை சொன்னால் பதிலே போட மாட்டார். எனக்கு உங்களைப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களைச் சமாதானப்படுத்த இதை எழுதவில்லை என்பதும் தெரியும்.

மூளை வேண்டும் என்று கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எத்தனையோ பிராணிகளில் எண்ணியிருக்கிறேன். இவருடையதை என் கண்ணாடித் தட்டில் வைத்து எண்ண என்னால் ஆகாது. நீங்கள் விரும்பியபடியே முழுசாக ஒப்படையுங்கள்.

உங்கள் அக்கா குடும்பத்தாரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

நாத்தனார்


அக்டோபர் 6

நாத்தனாருக்கு,

சாமி கிருபையில் கை தேவலை. இது வலது கையால் எழுதுவது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். உன் காய்ச்சல் விட்டதா? நான் வந்து சேரும்வரை அவரைத் தன்னிடம் விட்டுவிட்டு நீ வெளுத்துப்போய்க் கிளம்பினாய் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். டப்பாக்களுக்கெல்லாம் நீ பேர் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். கிழித்துவிட்டேன். எனக்கு மோந்து பார்த்தாலே தெரியும்.

கேட்பது நீ, கொடுக்காதே என்பதும் நீயா? நன்றாக இருக்கிறது நியாயம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சும்மா இருக்கவில்லை. அக்கா வீட்டில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்து சாமியோடு சண்டை போட்டேன். 'சாமி, இந்த இரண்டு வருஷத்தில் என் புருஷன் எத்தனை பேர் மனசைப் புண்படுத்தியிருக்கிறார், எத்தனை நாள் உன் பேரைச் சொல்லக் கூப்பிட்டும் வராமல் உட்கார்ந்திருக்கிறார், அதையெல்லாம் அங்கே ஒன்று விடாமல் குறித்து வைத்திருப்பாயே, அவர் போய் நின்றால் என்ன பதில் சொல்வார், பதில் சொல்கிற இடத்தைத்தானே நீ முதலில் எடுத்துக்கொண்டாய்' என்று கேட்டேன். அவர் பக்கம் பேச அங்கே ஒரு சாட்சி வேண்டும். நான் மனைவி, என் சாட்சி செல்லாது. பொய் சொல்ல வராத, என்னைப் பிடிக்காத, சாமியை நம்பாத ஒருத்தி சொன்னால் எந்தச் சபையிலும் எடுபடும்.

அதனால் கொடுக்கிறேன். நீதான் எண்ண வேண்டும். உன் கீழே வேலை செய்கிறவனிடம் தள்ளிவிடாதே. கை நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்கிக்கொண்டே எண்ணு. எத்தனை செத்தது, எத்தனை மிச்சம் என்று உள்ளதை உள்ளபடி எழுதி வை. மிச்ச உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த வார்த்தையைப் பற்றி. அதை எழுத உனக்கு எவ்வளவு துணிச்சல்! இரண்டு நாள் உன்னைச் சபித்தேன். பிறகு, நான் மட்டும் தூக்கிக்கொண்டு அலைந்ததை இன்னொருத்தியும் கேட்டாளே என்று இருந்தது. அது அவர் பேச்சா, நோயின் பேச்சா என்று உன் எண்ணிக்கை சொல்லாது என்கிறாய். சொல்ல வேண்டாம். அதை அங்கே போய் நானே அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாசம் மறுபடி வா. கட்டுப் பிரித்துவிட்டார்கள், உதவிக்கு ஒன்றும் கூப்பிடவில்லை. உன் சமையல் வாயில் வைக்க வழங்காது என்பதும் தெரிந்ததுதான். ஆனால் இவர் இப்போது பேசுவதும் குறைந்துவிட்டது. என்ன சொன்னாலும் எழுந்து போய்விடுகிறார். நாள் முழுக்க இந்த வீட்டில் என்னை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சண்டை போட எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

அண்ணி